பக்கத்து வயலில் என்ன விதை?

*மரபணு மாற்றுப் பயிர்ச் சோதனைகள்: கோப்புகளில் கிடக்கும் தகவலும், ஊரில் வளரும் அச்சமும்*

விடியற்காலை நான்கு மணி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மின்விளக்கு வெளிச்சத்தில் மூட்டைகள் இறங்குகின்றன. ஆலங்குளம், சுரண்டை, கீழப்பாவூர், தென்காசி, இலஞ்சி சுற்றுவட்டாரத்துக் காய்கள். வெண்டை, தக்காளி, சின்ன வெங்காயம், கத்திரி. பொழுது புலர்வதற்குள் இவற்றில் ஒரு பகுதி லாரி ஏறி, செங்கோட்டை, புளியரை தாண்டி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் போய்விடும்.

கத்திரிக்காய் மூட்டையின் வாய் அவிழ்கிறது. வாங்க வந்தவர் விலை கேட்பதற்கு முன் நாலைந்து காய்களை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். அவர் தேடுவது குண்டூசி முனை அளவு ஓட்டையை. ஓட்டை இருந்தால் உள்ளே புழு இருக்கும். சொத்தைக் காய் நாலு கண்ணில் பட்டால் மூட்டைக்கே விலை இறங்கும்.

அந்த ஓட்டை விழக்கூடாது என்றுதான் தோட்டக்காரர் வாரம் ஒருமுறை, பூச்சி மிகுந்தால் வாரம் இருமுறைகூட முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கிறார். அடித்த மருந்து அவர் மூச்சிலும், காயைப் பறிக்கும் பெண்களின் கையிலும், பக்கத்து வாய்க்காலிலும் போய்ச் சேர்கிறது. அந்த ஓட்டையை விதைக்குள்ளேயே அடைத்துவிடலாம் என்று விஞ்ஞானிகள் சொன்னபோது கிளம்பிய விவாதம் இருபது ஆண்டுகளாக ஓயவில்லை. தென்காசி மாவட்டத்துக்கு அதில் நேரடிப் பங்கு உண்டு. ஆனால் அதை இந்த மாவட்டத்து மக்களிடம் யாரும் முறையாக வந்து சொல்லவில்லை.

வெள்ளைக் கத்திரிக்குள் ஒரு பாக்டீரியா மரபணு

வல்லநாடு பக்கம் இருக்கிறது கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி. அங்கே உருவான ரகம் கே.கே.எம்.1. குளத்தூர் நாட்டுக் கத்திரியிலிருந்து தேர்ந்தெடுத்தது. பால் வெள்ளை நிறம், முட்டை வடிவம், கொத்துக் கொத்தாகக் காய்க்கும். தெற்கத்திச் சமையலறைக்கு நன்றாகத் தெரிந்த காய்.

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நான்கு ரகங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் பி.டி. மரபணுவைப் புகுத்தியது. கோ 2, மதுரையின் எம்.டி.யு.1, பாலூரின் பி.எல்.ஆர்.1, நான்காவதாக நமது கே.கே.எம்.1. மரபணுவைக் கொடுத்தது மகாராஷ்டிரத்து விதை நிறுவனமான மஹைகோ. அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவித் திட்டம் ஒன்றின் கீழ், கார்னெல் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த முயற்சி அது.

பி.டி. என்பது மண்ணில் இயல்பாக வாழும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. அதன் ஒரு மரபணுவைச் செடிக்குள் வைத்துவிட்டால், செடியே ஒரு புரதத்தைத் தயாரிக்கும். தண்டையும் காயையும் துளைக்கும் புழு அதைத் தின்றதும், புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அந்தப் புரதம் கரைந்து, குடற்சுவரில் ஒட்டி, அதைத் துளைத்துவிடுகிறது. புழு தின்பதை நிறுத்திச் சாகிறது. மனித வயிறு அமிலத்தன்மை கொண்டது, புரதம் ஒட்டுவதற்கான இடமும் நம் குடலில் இல்லை, அதனால் நமக்குத் தீங்கில்லை என்பது ஆதரவாளர்கள் தரப்பு. எலிக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்த சோதனை, தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடப்போகும் மனிதனுக்குப் போதுமா, அந்தச் சோதனையையும் விற்கப்போகிறவரே செய்து கொடுக்கலாமா என்பது எதிர்த் தரப்பின் கேள்வி.

இரண்டுமே கேட்கத்தக்க வாதங்கள். ஆனால் நாற்றங்கால் போடுகிறவரும் காயை நறுக்குகிறவரும் இந்த வாதத்தின் இரு பக்கத்தையும் தங்கள் மொழியில் கேட்க வாய்ப்புக் கிடைத்ததா என்பதே முதற்கேள்வி. கிடைக்கவில்லை. அச்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆலாந்துறை, நவம்பர் 2006

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஆலாந்துறை. அதன் பக்கத்தில் ராமநாதபுரம் என்ற சிற்றூர். 2006 நவம்பரில் விவசாயிகள் திரண்டு வந்து அங்கே ஒரு நெல் வயலில் இறங்கினார்கள். நின்றிருந்த பயிரை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். அது பி.டி. நெல். மஹைகோ நடத்திய வயல் சோதனை.

நெல்லைத் தெய்வமாகப் பார்க்கும் விவசாயி, கதிர் விடும் பயிரைத் தன் கையால் பிடுங்குகிறார் என்றால் அவர் எந்த நிலைக்குத் தள்ளப்பட்டிருக்க வேண்டும்? சில நாட்களுக்கு முன்புதான், அக்டோபர் கடைசியில், ஹரியாணாவின் கர்னால் பக்கம் ராம்புரா கிராமத்தில் இதே போன்ற வயலை விவசாயிகள் கொளுத்தியிருந்தார்கள். தன் நிலத்தில் நட்டது மரபணு மாற்று நெல் என்று தன்னிடம் சொல்லவேயில்லை என்று அந்த நிலத்துக்காரர் கூறியதாக அப்போதே செய்தி வந்தது. அதற்கும் எட்டு ஆண்டுகளுக்கு முன், 1998-ல், பேராசிரியர் நஞ்சுண்டசுவாமியின் கர்நாடக ராஜ்ய ரைத சங்கம் பி.டி. பருத்திச் சோதனை வயல்களை எரித்தது. அங்கேயும் புகார் இதுதான்: எந்த வயலில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

மூன்று மாநிலம், மூன்று மொழி, ஒரே குறை. பயிரைப் பிடுங்குவதும் எரிப்பதும் சரியல்ல. ஆனால் அவர்களை அறியாமையில் கொதித்தவர்கள் என்று ஒதுக்குவதும் நியாயமல்ல. தகவல் முன்கூட்டியே வந்திருந்தால் அந்தச் சண்டை வயலில் நடந்திருக்காது. கூட்டத்தில் நடந்திருக்கும்.

■ வயல் சோதனை: தெரிந்துகொள்ள வேண்டியவை

• ஆய்வுக்கூடம், பசுமைக்குடில் ஆகியவற்றைத் தாண்டி, திறந்தவெளியில் பயிரிட்டுப் பார்ப்பதே வயல் சோதனை. முதல் கட்டத்தில் ஓர் இடத்துக்கு 1 ஏக்கருக்கு மேல் கூடாது. எல்லா இடமும் சேர்த்து 20 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் ஓர் இடத்துக்கு 2.5 ஏக்கர் வரை.

• சட்ட அடிப்படை: 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள். தேசிய அளவில் முடிவெடுப்பது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு.

• சோதனை வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் 200 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் கூறியது.

• 2011 முதல் மாநில அரசின் தடையில்லாச் சான்று இல்லாமல் சோதனை நடத்த முடியாது.

தகவலுக்காக நடந்த போராட்டம்

2006-ல் கிரீன்பீஸ் அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையிடம் மனுப் போட்டது. கத்திரி, வெண்டை, கடுகு, நெல் ஆகியவற்றில் எங்கெங்கே சோதனை நடக்கிறது, அவற்றின் நச்சுத்தன்மை, ஒவ்வாமை பற்றிய ஆய்வு முடிவுகள் என்ன என்று கேட்டது. பாதுகாப்பு ஆய்வு முடிவுகளைத் தர துறை மறுத்தது. சொன்ன காரணம், வணிக ரகசியம்.

மக்கள் சாப்பிடும் கத்திரிக்காயின் நச்சுத்தன்மை எப்படி ஒரு கம்பெனியின் ரகசியமாகும்? மத்திய தகவல் ஆணையம் 2007-ல் தகவலைக் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றமும் 2008-ல் அந்த ஆய்வு விவரங்களை வெளியிடச் சொன்ன பிறகே, அந்த ஆண்டில் பி.டி. கத்திரியின் கோப்பு இணையதளத்துக்கு வந்தது. வந்ததும் வெளிநாட்டு, உள்நாட்டு ஆய்வாளர்கள் அதை எடுத்துப் படித்தார்கள்; குறைகளைச் சொன்னார்கள்; நிறுவனம் பதில் சொன்னது. அறிவியல் நடக்க வேண்டிய முறை அதுதான். அதை நடத்திக்காட்ட ஓர் ஆணையமும் நாட்டின் உச்ச நீதிமன்றமும் தேவைப்பட்டன என்பதே வேதனை.

அந்த அனுபவத்திலிருந்து அரசு பாடம் கற்றிருக்க வேண்டும். கடுகு விஷயத்தில் கற்கவில்லை என்பது தெரிந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பெண்டல் குழு உருவாக்கிய டி.எம்.ஹெச்.11 கடுகின் பாதுகாப்பு விவரங்களை வெளியிடும்படி தகவல் ஆணையர் ஸ்ரீதர் ஆச்சார்யலு 2016 ஏப்ரலில் உத்தரவிட்டார். செப்டம்பரில் அமைச்சகம் ஒரு சுருக்கத்தை மட்டும் இணையத்தில் போட்டது. மூவாயிரம் பக்கத்தைத் தாண்டும் முழுக் கோப்பைப் பார்க்க வேண்டுமென்றால் டெல்லியில் அமைச்சக அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம். இலஞ்சியிலிருந்து ஒரு விவசாயி பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு சென்னைக்குப் போய், அங்கிருந்து இன்னும் இரண்டு இரவு ரயிலில் கிடந்து, ஆங்கிலத்தில் இருக்கும் கோப்பைப் புரட்டிக் குறிப்பெடுத்துத் திரும்ப வேண்டும். இதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்ததாகச் சொல்வதை ஏற்க முடியாது.

ஏழு நகரங்கள், தமிழகம் இல்லை

2009 அக்டோபர் 14 அன்று பி.டி. கத்திரிக்கு மதிப்பீட்டுக் குழு ஒப்புதல் கொடுத்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. தமிழகத்தில் இயற்கை வேளாண் அறிஞர் கோ.நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஒரு நல்ல காரியம் செய்தார். ஒப்புதலை நிறுத்தி வைத்து, 2010 ஜனவரி, பிப்ரவரியில் நேரில் போய் மக்களிடம் கருத்துக் கேட்டார். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு. ஏறத்தாழ 8,000 பேர் கலந்துகொண்டார்கள். விவசாயி, விஞ்ஞானி, மருத்துவர், நுகர்வோர் எல்லாரும் ஒரே அரங்கில் கூச்சலும் குமுறலுமாகப் பேசினார்கள். மாநில அரசுகளின் கருத்தும், எம்.எஸ்.சுவாமிநாதன் உள்ளிட்ட அறிஞர்களின் ஆலோசனையும் பெறப்பட்டன. 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் தடை அறிவித்தார். சுதந்திரமான ஆய்வுகள் பொதுமக்களும் விஞ்ஞானிகளும் திருப்தியடையும் அளவுக்கு நடக்கும்வரை நிறுத்திவைப்பு என்றார்.

அந்த ஏழு நகரங்களில் தமிழ்நாட்டு நகரம் ஒன்றுகூட இல்லை. நான்கு தமிழக ரகங்களில் மரபணுவை ஏற்றியிருந்தார்கள். அதைச் செய்தது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம். கோவையிலோ மதுரையிலோ ஒரு கூட்டம் வைத்திருந்தால், தன் தோட்டத்து வெள்ளைக் கத்திரி இந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைத் தெற்கத்தி விவசாயி அன்றே தெரிந்துகொண்டிருப்பார்.

தெரியாமல் நடந்தால் என்ன ஆகும்?

ஒரு ஏக்கர் சோதனைதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அமெரிக்க நெல் விவசாயிகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

களைக்கொல்லியைத் தாங்கும் எல்.எல்.601 என்ற மரபணு மாற்று நெல்லை அங்கே 1998 முதல் 2001 வரை வயல் சோதனையில் வைத்திருந்தார்கள். அப்போது விற்பனைக்கு அனுமதி கேட்கவேயில்லை, சோதனையோடு கைவிட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2006 ஆகஸ்டில், அந்த நெல்லின் கூறுகள் அமெரிக்காவின் நீள் அரிசியில் கலந்திருப்பது தெரியவந்தது. ஐரோப்பாவும் ஜப்பானும் கதவைச் சாத்தின. விலை சரிந்தது. எப்படிக் கலந்தது என்று அமெரிக்க வேளாண் துறை விசாரித்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைசியில் 2011-ல், அந்த நெல்லுக்குப் பொறுப்பான பேயர் நிறுவனம் ஏறத்தாழ 11,000 விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது. விற்பனைக்கே வராத ஒரு பயிர், சோதனை வயலோடு முடிந்துபோன ஒரு பயிர், இவ்வளவு இழப்பைக் கொண்டுவந்தது. அந்த விவசாயிகளுக்கு வழக்குப் போட வழியிருந்தது. சோதனை நடந்த இடங்களின் பதிவும் இருந்தது. நம் ஊரில் இப்படி ஒன்று நடந்தால், நட்டம் வந்த தோட்டக்காரர் யார் மேல் வழக்குப் போடுவார்? பக்கத்தில் சோதனை நடந்தது என்பதே அவருக்குத் தெரியாதபோது?

நம் நாட்டிலும் மணி அடித்தாயிற்று. 2021-ல் இந்தியாவிலிருந்து போன உடைந்த அரிசியில் மரபணு மாற்று அரிசி இருப்பதாக ஐரோப்பாவில் எச்சரிக்கை எழுந்தது. இந்தியாவில் அப்படிப்பட்ட நெல் வணிக ரீதியாகப் பயிராகவில்லை என்று அரசு பதில் சொன்னது. 2019-ல் ஹரியாணாவின் பதேகாபாத்தில், தடை அமலில் இருக்கும்போதே பி.டி. கத்திரி ஒரு வயலில் காய்த்துக்கொண்டிருந்தது. அரசு ஆய்வில் உறுதியான பின் பயிர் அழிக்கப்பட்டது.

இதைத் தென்காசியில் வைத்துப் பாருங்கள். நமது காய்க்குக் கேரளம் பெரிய சந்தை. மரபணு மாற்றுப் பயிருக்கு வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்த மாநிலமும் கேரளம்தான். 2015-ல் தமிழகக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று அங்கே பேச்சுக் கிளம்பியபோது, எல்லையில் கெடுபிடி வந்ததை இங்குள்ள வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். சுத்தமான காய் கொண்டுபோனவரும் சேர்ந்துதான் அவதிப்பட்டார். நாளைக்கு ‘அந்தப் பக்கத்தில் மரபணுக் கத்திரி சோதனை நடக்கிறதாம்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி புளியரையைத் தாண்டினால் போதும். அது உண்மையா பொய்யா என்று நிரூபிக்கக் கையில் ஓர் அரசு ஆவணம் இல்லாவிட்டால், மூட்டை திரும்பி வரும். சோதனை எங்கே நடக்கிறது என்ற தகவல் பகிரங்கமாக இருந்தால், எங்கே நடக்கவில்லை என்பதும் பகிரங்கமாக இருக்கும். வியாபாரிக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அதிகாரிகள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அடுத்தது விதை. கே.கே.எம்.1 ஒட்டு ரகம் அல்ல. முற்றிய பழத்தைப் பிசைந்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கலாம். அப்படி எடுத்துவைக்கும் வீட்டுத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. கத்திரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், தேனீ வந்து உட்கார்ந்தால் கலப்பும் நடக்கும். இந்தியா கத்திரியின் தாயகம் என்று கருதப்படுகிறது. ஆயிரக்கணக்கான நாட்டு ரகங்கள் இங்கே உண்டு. குற்றாலம் மலையடிவாரத்தில் வேலியோரமும் காட்டோரமும் கத்திரிக் குடும்பத்துச் செடிகள் பல தானாக முளைக்கின்றன. சுண்டை, கண்டங்கத்திரி, தூதுவளை எல்லாம் அந்தக் குடும்பம்தான். அவற்றில் பயிர்க் கத்திரியோடு எளிதாகக் கலப்பவை சில காட்டுக் கத்திரி இனங்கள் மட்டுமே. ஆனாலும் எவை, எங்கே இருக்கின்றன என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் சோதனைக்கு முன்பே கணக்கெடுக்காமல், பிறகு எடுத்து என்ன பயன்?

பருத்தியின் கதையோ நம் மாவட்டத்துக் கரிசலிலேயே நடந்தது. சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கம் கருங்கண்ணிப் பருத்தி விளைந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அதுதான். தொடக்கத்தில் காய்ப்புழு குறைந்தது, மகசூல் கூடியது. அதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. நஞ்சுக்குப் பழகிவிட்டது என்பது 2010-ல் வெளிவந்தது. அடுத்து வந்த இரட்டை மரபணு ரகத்தையும் அது தாண்டியது. புழு இவ்வளவு விரைவாகப் பழகியதற்கு ஒரு காரணம், விவசாயிக்கு யாரும் விளக்கிச் சொல்லாத ஒரு சின்னப் பொட்டலம்.

■ 120 கிராம் பொட்டலம்

450 கிராம் பி.டி. பருத்தி விதைப் பையோடு, 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் தனிப் பொட்டலமாக வந்தது. வயலைச் சுற்றி அதை நட வேண்டும். நஞ்சு இல்லாத அந்தச் செடிகளில் சில புழுக்கள் பிழைத்து, நஞ்சுக்குப் பழகிய புழுக்களோடு இணைசேரும். அதனால் பழகிய குணம் பரவுவது தாமதமாகும். இதுதான் ஏற்பாட்டின் உயிர். ஆனால் எதற்காகத் தன் வயலில் புழுவுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது விவசாயிக்கு விளக்கப்படவில்லை. பலர் அந்தப் பொட்டலத்தை நடாமலே விட்டார்கள். பொட்டலத்தைக் கையில் கொடுத்தவர்கள் அதன் பொருளைச் சொல்லாமல் விட்டதன் விலையை இன்று பருத்தி விவசாயி கட்டிக்கொண்டிருக்கிறார்.

வங்கதேசமும் பிலிப்பைன்ஸும்

இந்தியா நிறுத்திய அதே பி.டி. கத்திரியை வங்கதேசம் 2013 அக்டோபரில் அனுமதித்தது. 2014 தொடக்கத்தில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தது. பிறகு ஆயிரக்கணக்கானோர் பயிரிட்டார்கள். பூச்சிமருந்துச் செலவு கணிசமாகக் குறைந்தது, மகசூல் கூடியது என்று சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் கள ஆய்வு சொல்கிறது. இதை நாம் மதித்துப் படிக்க வேண்டும். மருந்துப் புகையில் மூச்சு முட்டும் தோட்டக்காரருக்கு இது சின்ன விஷயம் அல்ல. அங்கேயும் எதிர்ப்பு இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிலிப்பைன்ஸில் நடந்தது வேறு. அங்கே பி.டி. கத்திரி வயல் சோதனையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2015 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சோதனையை நிறுத்தியது. விதிமுறைகளில் மக்கள் பங்கேற்பு போதவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. சோதனைகள் முன்பே முடிந்துவிட்டதால் அந்தத் தீர்ப்பை 2016-ல் நீதிமன்றமே திரும்பப் பெற்றது. ஆனாலும் இடைப்பட்ட காலத்தில் அரசு புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்திருந்தது. பின்னர் சாகுபடிக்கும் அனுமதி கொடுத்தது. 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை மறுபடி ரத்துசெய்தது. மக்களை ஒதுக்கிவிட்டு அறிவியலை முன்னே தள்ளினால், அறிவியலும் பல ஆண்டுகளை நீதிமன்றத்திலேயே கழிக்கும்.

இப்போது எங்கே நிற்கிறோம்?

பி.டி. கத்திரித் தடை நீங்கவில்லை. ஆனால் 2020-ல், மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வேறொரு மரபணு கொண்ட ஜனக், பி.எஸ்.எஸ்.793 என்ற இரண்டு கத்திரி ஒட்டு ரகங்களை எட்டு மாநிலங்களில் சோதித்துப் பார்க்க மதிப்பீட்டுக் குழு ஒப்புதல் கொடுத்தது. அந்த எட்டில் தமிழ்நாடும் ஒன்று. மாநில அரசின் தடையில்லாச் சான்றும், மற்ற வயல்களிலிருந்து விலகிய நிலமும் கிடைத்தால்தான் நடத்தலாம் என்பது நிபந்தனை. இந்தப் பட்டியலில் தமிழ்நாடு இருந்தது எத்தனை கத்திரி விவசாயிகளுக்குத் தெரியும்?

கடுகுக்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஜூலை 23 அன்று நீதிபதி பி.வி.நாகரத்னா அனுமதியை ரத்துசெய்தார், நீதிபதி சஞ்சய் கரோல் செல்லும் என்றார். பிளவுபட்ட தீர்ப்பிலும் ஒன்றில் இருவரும் ஒத்துப்போனார்கள்: மாநிலங்கள், விவசாயிகள், நிபுணர்கள் எல்லாரையும் கலந்து ஒரு தேசியக் கொள்கையை மத்திய அரசு வகுக்க வேண்டும்.

இதற்கிடையே மற்றொரு கதவு ஓசையில்லாமல் திறந்துவிட்டது. மரபணுத் திருத்தம் என்பது வேறு உயிரின் மரபணுவைக் கொண்டுவராமல், பயிரின் சொந்த மரபணுவிலேயே வெட்டித் திருத்துவது. இவ்வகைப் பயிர்கள் சிலவற்றுக்கு 1989 விதிகளின் முக்கியக் கட்டுப்பாடுகளிலிருந்து 2022 மார்ச் 30 அன்று விலக்கு அளித்தார்கள். 2025 மே 4 அன்று அப்படி உருவான இரண்டு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் அறிவித்தார். அதில் ஒன்றான கமலா, சம்பா மசூரியைத் திருத்தியது. நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் அதே பி.பி.டி.5204. கார் பருவத்திலும் பிசானத்திலும் அம்பை 16 போடுகிறவர்களும், ஆந்திரா பொன்னி போடுகிறவர்களும் இருக்கும் இந்த வயக்காட்டுக்கு அது வர நாளாகாது. சீக்கிரம் விளையும், மகசூல் கூடும் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பையின் மேல் அது திருத்திய ரகம் என்று எழுதியிருக்குமா? எழுத வேண்டும் என்று கேட்கிற உரிமை விவசாயிக்கு உண்டு.

கலெக்டர் தலைமையில் ஒரு குழு

ஊர் மக்கள் அறிய வேண்டிய ஒரு விதியை இங்கே குறிப்பிட வேண்டும். 1989 விதிகளின்படி, தேவைப்படும் மாவட்டங்களில் மாவட்ட அளவிலான குழு ஒன்று அமைய வேண்டும். தலைவர் மாவட்ட ஆட்சியர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சுகாதாரத் துறை, வேளாண்மைத் துறை ஆகியவற்றின் அலுவலர்கள் உறுப்பினர்கள். மரபணு மாற்று உயிரிகள் கையாளப்படும் இடங்களைப் பார்வையிடுவதும், அவசரகாலத் திட்டம் வகுப்பதும் இந்தக் குழுவின் கடமை. தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். ஆகவே இந்தப் பொறுப்பு நெல்லையில் இல்லை, தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.

இன்னொரு கருவியும் கையில் உண்டு. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும், இலஞ்சிப் பேரூராட்சி உட்பட, பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்த ஊரின் நாட்டு ரகங்களையும் காட்டுச் செடிகளையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கர்நாடகத்தில் உள்ளூர்க் கத்திரி ரகங்களை அனுமதி பெறாமல் பி.டி. ஆய்வுக்கு எடுத்தார்கள் என்ற புகாரில், சென்னைத் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2011-ல் சட்ட நடவடிக்கைக்கு முடிவெடுத்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான். பதிவேட்டில் நம் கத்திரி இருந்தால்தான் நம் கத்திரிக்காக வாதாட முடியும்.

இந்தியா 2003-ல் ஏற்ற கார்டஹேனா உடன்படிக்கையின் 23-வது பிரிவு, மரபணு மாற்று உயிரிகள் பற்றிய முடிவுகளில் மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும், முடிவை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உலக அரங்கில் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு அது. வயல் இருக்கும் ஊரில் அது நிறைவேற வேண்டும்.

எனவே ஆட்சியாளர்களிடம் கேட்பது இவ்வளவுதான். தமிழ்நாட்டில் எந்தச் சோதனைக்குத் தடையில்லாச் சான்று கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன்பே பயிர், மரபணு, நடத்துபவர் பெயர், வட்டம், கிராமம், சர்வே எண், தொடங்கும் நாள், அறுவடைக்குப் பின் பயிரை எப்படி அழிப்பார்கள் என்ற விவரம் ஆகியவற்றைத் தமிழில் அச்சடித்து, சம்பந்தப்பட்ட ஊராட்சி, பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு எழுத்து மூலம் சொல்லுங்கள். கிராம சபையிலும் பேரூராட்சிக் கூட்டத்திலும் வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானியையும், மாற்றுக் கருத்துள்ளவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுங்கள். நட்டம் வந்தால் யார் ஈடுகட்டுவார் என்பதைச் சான்றிலேயே எழுதுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தகவல் உரிமை மனுப் போடுங்கள். தென்காசி மாவட்ட அளவிலான குழு அமைக்கப்பட்டுள்ளதா, உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடியது, மாவட்டத்தில் எந்த மரபணு மாற்றுப் பயிர்ச் சோதனைக்காவது விண்ணப்பம் வந்துள்ளதா என்ற நான்கு கேள்வி போதும். கட்டணம் 10 ரூபாய். சட்டப்படி 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.